குளவியின் முறை

ஆறு வினாடிச் சண்டை தொடங்கி மூன்று மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஆறு வினாடி என்பது குகைக்குள் இருப்பவர்களின் கணக்கு. குகை அட்டையால் செய்தது. கட்டம் போட்ட ஒரு விரிப்பின் மேல் அது நின்றது. உள்ளே விரல் உயரத்தில் நான்கு பொம்மைகள். எதிரே முஷ்டி அளவில் ஒரு விஷப்பல்லி. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நிஜ மனிதர்கள். ஆளுக்கு ஒரு பொம்மை. தன் முறை வரும்போது தன் பொம்மை என்ன செய்கிறது என்று சொல்லிவிட்டு இருபது முகமுள்ள பகடையை உருட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரு தடவை முறை வந்து போனால் ஒரு சுற்று. ஒரு சுற்று முடிந்தால் குகைக்குள் ஆறு வினாடி கழிந்ததாக அர்த்தம்.

முதல் சுற்று இன்னும் முடியவில்லை.

அவளுக்கு இதெல்லாம் அன்று காலையில்தான் தெரியும். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். விடுமுறை நாளில் தூங்கிக்கொண்டிருந்தவளை அண்ணன் உலுக்கி எழுப்பினான்.

"மூணு பேர் இல்லேன்னா அணியே இல்லைங்கறாங்க. ஒருத்தன் கடைசி நேரத்துல காய்ச்சல்னு படுத்துட்டான். நீ வந்து உக்காந்தா போதும் பாப்பா. பேசவே வேணாம்."

பேசவே வேண்டாம் என்று சொன்னதால்தான் அவள் கிளம்பினாள். கடைக்கு வருபவர்களிடம் ஃப்ரேம் காதில் அழுத்துகிறதா என்று கேட்பதற்கே அவள் இரண்டு தடவை எச்சில் விழுங்குவாள்.

அணிகளுக்கான தகுதித் தேர்வு ஒரு தச்சுப் பயிற்சிப் பள்ளியின் மாடியில் நடந்தது. கீழே வார்னிஷ் அடித்துக் காயப் போட்டிருந்தார்கள். நெடி தாங்காமல் மாடி ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். ஜன்னல் சட்டத்தின் மூலையில் மண்ணால் ஏதோ கட்டியிருந்தது. அதை அவள் வந்ததுமே பார்த்தாள். பேச வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் சொல்லவில்லை.

தேர்வை நடத்துவது மேசைப் போர் விரைவாக்கக் கூட்டமைப்பு. ஒரு காலத்தில் இந்த விளையாட்டை நண்பர்கள் வீட்டுக் கூடத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சண்டை முக்கால் மணி நேரம் இழுத்தது. இப்படி இழுத்தால் எப்படி என்று பலரும் அலுத்துக்கொண்டார்கள். அந்த அலுப்பைப் போக்கத்தான் கூட்டமைப்பு உருவானது. இப்போது ஒவ்வொரு முறைக்கும் மணல் கடிகாரம் உண்டு. கடிகாரத்தைத் திருப்பியதற்குச் சாட்சி உண்டு. தாமதம் ஏற்பட்டால் உடனே தாமத விசாரணை உண்டு. விசாரணை நீண்டுவிட்டால், அது ஏன் நீண்டது என்று இன்னொரு விசாரணை. இவ்வளவையும் தாண்டி ஒரு சண்டையை ஒரே நாளில் முடித்த அணிகளும் இருக்கின்றன என்று சுவரில் படம் மாட்டியிருந்தார்கள். அணிகள் இரண்டு.

கூட்டமைப்பின் தலைவர் ரயில் நேர அட்டவணை போடும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். தேர்வுக்கு வரும் ஒவ்வொரு அணியிலும் நான்காவது ஆளாக அவரே உட்காருவார். முன்னுதாரணமாக. அன்று காலை அவர் பேசினார்.

"சண்டையை மெதுவாக்கறது எது? பல்லியா? பாவம், அது தன் முறை வந்தா கடிச்சிட்டு ஒதுங்கிடுது. மெதுவாக்கறது மனுஷன். மனுஷன்ல எது? அவன் வாய். வாயை அடைச்சோம்னா சண்டை பறக்கும். நான் எழுதின ஏழாவது விதி அதைத்தான் சொல்லுது. உயிர் போற அவசரமா இருந்தாலும் உங்க முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஏன்னா இந்த மேசையில எல்லாமே உயிர் போற அவசரம்தான். ஆளாளுக்கு அவசரம்னு வாயைத் திறந்தா, அப்புறம் அவசரத்துக்கு என்ன மரியாதை?"

இதைச் சுருக்கமாகத்தான் சொன்னார். ஐம்பது நிமிடம் ஆனது.

ஏழாவது விதியை மீறினால் தண்டனை, மீறியவருக்கு அல்ல. அந்த அணியில் யாருடைய பாத்திரம் மூத்ததோ அது செத்துவிடும். திரும்ப வராது. அவர்கள் அணியில் மூத்தது அண்ணனின் வில்லாளி. ஐந்து வருடமாக அவன் அதை வளர்க்கிறான். பகலெல்லாம் அடுக்குமாடிகளின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு ஏசி மாட்டிவிட்டு வருவான். ராத்திரி ஒற்றை மயிர்த் தூரிகையால் அந்தப் பொம்மையின் புருவத்தைத் தீட்டுவான். மேசைக்கு அடியில் அவன் பாதம் அவள் பாதத்தின் மேல் தயாராக இருந்தது.

பல்லியை ஆட்டுவித்தவரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். வானொலியில் வானிலை வாசிப்பவர். புயல் வருகிறது என்றாலும் அவர் குரலில் அது இதமாக இருக்கும். அணியின் இன்னொரு ஆள் ஒரு பல் டாக்டர். சதா கையைத் துடைத்துக்கொண்டே இருப்பார். இவர்களுக்கெல்லாம் மேலே, உயரமான ஒரு ஸ்டூலில், கண்காணிப்பாளர் அம்மா. முன்பு பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை பார்த்தவர். கழுத்தில் இரண்டு நிறுத்துக் கடிகாரங்கள் தொங்கின. ஒன்று ஆகிற நேரத்தைக் கணக்கிட. மற்றது அந்த நேரத்தைப் பற்றி விசாரிக்க ஆகிற நேரத்தைக் கணக்கிட.

வரிசையில் முதலில் தலைவர். அவருடைய குதிரைவீரன் வாளை உருவி இரண்டு கட்டம் முன்னேறியிருந்தான். அதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அடுத்தது பல்லி. அது குதிரைவீரன் மேல் விஷத்தைத் துப்பியது. விஷம் ஏறியதா இல்லையா என்பது சுற்றின் முடிவில்தான் தெரியும். பிறகு பல் டாக்டர். இப்போது அண்ணன். கடைசியில் அவள். அவளுக்கு மருத்துவச்சிப் பொம்மை. வேறு யாரும் எடுக்காமல் மிஞ்சியது அதுதான்.

அண்ணன் எழுந்து நின்று அறிவித்தான். "வில்லாளி அம்பு விடறான்." உருட்டினான். பதினேழு. அம்பு தைத்தது. மூன்று நொடியில் முடிந்துவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்துக் கண்காணிப்பாளர் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது.

"வில்லை எந்தத் தோள்லேர்ந்து எடுத்தார்?"

"இடது தோள்ங்க."

"இடது தோள்ல வில் இருக்குன்னு காலையிலேயே சொன்னீங்களா?"

அப்போதுதான் குளவி வந்தது.

ஜன்னலிலிருந்து சாய்வாக இறங்கி, விளக்கை ஒரு தடவை சுற்றிவிட்டு, தலைவரின் சட்டைக் காலருக்குள் நுழைந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தலைவர் பட்டென்று கழுத்தில் அடித்தார். ஏதோ ஒன்று உதிர்ந்து விரிப்பில் விழுந்தது. அவள் வாயைத் திறந்தாள். அண்ணனின் பாதம் அழுத்தியது. தலைவர் அவளைப் பார்த்தார். மணல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, நல்ல குழந்தையிடம் காட்டுவதுபோல, ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவளுக்குக் காலையில் நடந்தது நினைவு வந்தது. பைகளையும் போன்களையும் கீழ் அறையில் வைத்துப் பூட்டும்போது, தலைவரின் சட்டைப் பையில் ஒரு சின்ன உறை இருப்பதைக் கண்காணிப்பாளர் அம்மா பார்த்துவிட்டார்.

"இது என்னங்க ஐயா?"

"ஊசிம்மா. குளவி, தேனீ கொட்டினா எனக்கு ஆகாது. மூச்சு அடைச்சுக்கும். உடனே தொடையில போட்டுக்கணும்."

"கூர்மையான பொருள் மேசைக்கு வரக் கூடாதுங்களே."

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. உறையை எடுத்து நீட்டினார். "பாத்தீங்களா? விதி எழுதினவனுக்கே விலக்கு கிடையாது. இதுதான் நம்ம கூட்டமைப்பு." மாஸ்டர் கைதட்டினார். பல் டாக்டரும் கையைத் துடைத்துவிட்டுத் தட்டினார். உறையைப் பைகளோடு வைத்துப் பூட்டினார்கள். சாவி கண்காணிப்பாளர் அம்மாவின் கழுத்தில், இரண்டு கடிகாரங்களுக்கு நடுவில் தொங்கியது.

இப்போது தலைவர் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.

வில் இருந்த தோள் பற்றிய விசாரணை முடிந்தபோது அவருடைய கழுத்தில் தடிப்புகள் எழும்பியிருந்தன. ஒன்றோடொன்று சேர்ந்து தாடைவரை போயிருந்தன. மேல் உதடு தடித்துத் தொங்கியது. அவள் பல் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர்தானே, வாயைத்தானே பார்க்கிறவர். தலையை மெல்ல ஆட்டி, கண்ணால் தலைவரைக் காட்டினாள். பல் டாக்டர் அவளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தன் பகடைகளை நிற வாரியாக அடுக்கத் தொடங்கினார்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

தலைவர் இருமினார். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது.

"ஆஹா," என்றார் மாஸ்டர். அவரும் கண்காணிப்பாளர் அம்மாவும் மட்டும் எப்போதும் பேசலாம். "குதிரைவீரன் மேல விஷம் மெல்ல மெல்ல ஏறுது. பாருங்க, ஒரு வார்த்தை பேசாம எப்படிக் காட்டறார்! ஐயா கொண்டுவந்த ஒன்பதாவது விதி இதுதான். மௌன நடிப்பு. நேரமும் ஆகாது, பாத்திரமும் வாழும்."

"ஐந்து மதிப்பெண்," என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

ஒருவேளை நடிப்புதானோ? அவளுக்கு ஒரு கணம் அப்படித் தோன்றியது. அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இவர்கள் வருடக்கணக்காக ஆடுகிறவர்கள். அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் நடிப்பில் உதடு வீங்குமா? யாரைக் கேட்பது? எப்படிக் கேட்பது? அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தன் வில்லாளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பாதம் மட்டும் இறுகியது.

அண்ணனின் முறை முடிந்தது. அடுத்து அவள்தான். இன்னும் ஒரு நிமிடம். அவள் மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்தாள். ஐயாவுக்கு உடம்பு சரியில்லை. நான்கே நான்கு சொல்லாகக்கூட இல்லை, மூன்று. சொல்லிவிடலாம்.

"ஒரு நிமிஷம்," என்றார் கண்காணிப்பாளர் அம்மா. ஸ்டூலிலிருந்து குனிந்து விரிப்பைப் பார்த்தார். "இது என்ன? எட்டாவது கட்டத்துல?"

எட்டாவது கட்டத்தில் குளவி செத்துக் கிடந்தது.

"பதிவு செய்யாத பொம்மை எப்படி விரிப்புக்கு வந்தது?"

மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "பொம்மை மாதிரி தெரியலீங்க. நிஜக் குளவி மாதிரி இருக்கு."

"நிஜமா இல்லையாங்கறது என் கேள்வி இல்ல. கட்டத்துக்குள்ள இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"கட்டத்துக்குள்ள இருக்கறது எதுவானாலும் அதுக்கு ஒரு முறை உண்டு. மூணாவது விதி. யாரையும் விட்டுட்டு நாம போறதில்ல."

குளவியை எந்த வகையில் சேர்ப்பது என்று பேசினார்கள். பறக்கும் எதிரியா, தரை எதிரியா? இப்போது பறக்கவில்லை, ஆனால் பறந்துதான் வந்திருக்க வேண்டும். செத்த எதிரிக்கு வரிசை எண் உண்டா? செத்ததாக மாஸ்டர் இன்னும் அறிவிக்கவில்லை. அறிவிக்கிற வரைக்கும் அது உயிரோடு இருப்பதாகத்தான் அர்த்தம். மாஸ்டர் அறிவிப்பதற்கு, யார் அதைக் கொன்றது என்று தெரிய வேண்டும். யாரும் தன் முறையில் அதைக் கொல்லவில்லை. ஆகவே அது சாகவில்லை.

இதற்குப் பதினொரு நிமிடம் ஆனது. அந்தப் பதினொரு நிமிடமும் அவள் தலைவரின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் இடையில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகம் சிவப்பிலிருந்து வேறு நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கண் இமைகள் உப்பி, கண்கள் கீற்றாகிவிட்டன. அந்தக் கீற்றுகளால் அவர் கண்காணிப்பாளர் அம்மாவின் கழுத்தில் தொங்கிய சாவியைப் பார்த்தார். கையை உயர்த்தினார். பாதியில் நிறுத்தினார். கையைத் திரும்ப மேசையில் வைத்துக்கொண்டார்.

தன் முறை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

வரிசையில் குளவியின் இடத்தைத் தீர்மானிக்க மாஸ்டர் அதற்காகப் பகடை உருட்டினார். பன்னிரண்டு. அவளுக்குக் காலையில் விழுந்தது நான்கு. குளவி அவளுக்கு முன்னால் வந்தது.

"குளவியின் முறை," என்று அறிவித்தார் கண்காணிப்பாளர் அம்மா. மணல் கடிகாரம் திருப்பப்பட்டது. எல்லாரும் குளவியைப் பார்த்தார்கள். மணல் இறங்கியது. அதன் ஒரு சிறகு ஜன்னல் காற்றில் லேசாக ஆடியது. குளவி எதையும் செய்யவில்லை. எதையும் அறிவிக்கவும் இல்லை. கடிகாரம் தீர்ந்தது.

"தாமதம்," என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

தாமத விசாரணையில் குளவி பதில் சொல்லவில்லை. அதன் மௌனம் ஏழாவது விதிக்கு உட்பட்டதாக இருந்ததால் தண்டனை விதிக்கப்படவில்லை. தன் பணிக்காலத்தில் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்ட போட்டியாளரைப் பார்த்ததில்லை என்று கண்காணிப்பாளர் அம்மா பாராட்டினார்.

"மருத்துவச்சியின் முறை."

அவள் எழுந்தாள். முழங்கால் மேசையில் இடித்துப் பல்லி குலுங்கியது. எச்சில் விழுங்கப் பார்த்தாள், எச்சிலே இல்லை.

"குகைக்குள்ள இருட்டு," என்றார் மாஸ்டர் இதமாக. "சொட்டுச் சொட்டா தண்ணி விழற சத்தம். உங்க மருத்துவச்சி என்ன செய்யறாங்க?"

"ஐயாவுக்கு..." என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமா."

"ஐயாவுக்கு உடம்பு சரியில்ல."

மாஸ்டரின் முகம் முழுக்கச் சிரிப்பானது. "பிரமாதம்! முதல் தடவை ஆடறவங்களா இவங்க? மருத்துவச்சி குதிரைவீரனோட முகத்தைப் பாத்ததுமே விஷத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்க. உருட்டுங்க!"

"இல்ல, நான் அது..."

"பகடையை உருட்டுங்க," என்றார் கண்காணிப்பாளர் அம்மா. "மணல் இறங்குது."

யாரோ பகடையை அவள் கையில் திணித்தார்கள். அவள் உருட்டவில்லை. அது கையிலிருந்து நழுவி விழுந்தது. உருண்டு உருண்டு, குளவியின் மேல் மோதி நின்றது.

இருபது.

மாஸ்டர் நாற்காலியில் துள்ளினார். "இருபது! இருபது! முழு குணம்! மருத்துவச்சியோட கை பட்டதும் விஷம் நீர் மாதிரி இறங்கிடுது. குதிரைவீரன் நல்லா மூச்சு விடறான். எழுந்து நிக்கறான்!"

தலைவர் மேசையின் விளிம்பைப் பிடித்தார். விரிப்பு அவரோடு சேர்ந்து இழுபட்டது. குகை சாய்ந்தது. அவர் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, தரையில் விழுந்து, தொண்டையில் கை வைத்தபடி வாயைத் திறந்தார். உள்ளே எதுவும் போகவில்லை. அந்த விசில் சத்தமும் நின்றுவிட்டது.

கண்காணிப்பாளர் அம்மா ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. ஆனால் குரல் எப்போதும் போலத்தான் வந்தது.

"விஷம் இறங்கின பிறகும் நடிப்பைத் தொடர்றது ஒன்பதாவது விதிக்குப் புறம்பு. ஐயாவா இருந்தாலும் மதிப்பெண் கழிக்கப்படும். மருத்துவச்சியின் முறை முடிஞ்சது. உக்காருங்க."

அவள் உட்காரவில்லை.

"உக்காருங்கம்மா. உங்க முறை முடிஞ்சது."

இப்போது பேசினால் வில்லாளி செத்துவிடுவான். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அவன் தரையில் கிடந்தவரைப் பார்க்கவில்லை. தீட்டிய புருவத்தோடு மேசையில் கவிழ்ந்து கிடந்த அந்த விரல் உயரப் பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேசைக்கு அடியில், காலையிலிருந்து அவள் பாதத்தின் மேல் இருந்த பாரம் விலகியது.

"நடிப்பு இல்ல!" என்று கத்தினாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே பயமாக இருந்தது. "அவர் நடிக்கல! மூச்சு நின்னுடுச்சு! ஊசியை எடுங்க, அந்தச் சாவியைக் குடுங்க!"

"விதி ஏழு..." என்று தொடங்கிய கண்காணிப்பாளர் அம்மா முடிக்கவில்லை. சாவிக் கயிறு கடிகாரக் கயிறுகளோடு சிக்கிக்கொண்டது. அவர் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மூன்றையும் சேர்த்து இழுத்து அறுத்து அண்ணனிடம் வீசினார். அண்ணன் படிகளை மும்மூன்றாகத் தாவினான். மாஸ்டர் ஜன்னலுக்கு ஓடி, கீழே தச்சர்களைப் பார்த்து ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். அவர் குரலில் இதம் துளிகூட இல்லை. பல் டாக்டர் ஏற்கெனவே தரையில் மண்டியிட்டுத் தலைவரின் காலரைக் கிழித்திருந்தார். அண்ணன் உறையோடு வந்தான். பல் டாக்டர் அதைப் பிடுங்கி, பேன்டின் மேலேயே தொடையில் ஊசியைக் குத்தி அழுத்திப் பிடித்தார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. அன்று முழுக்க அந்த அறையில் விசாரணை இல்லாமல் வேகமாக நடந்தது அது ஒன்றுதான்.

பிறகு காத்திருந்தார்கள்.

எதுவும் நடக்கவில்லை. அவள் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கை குளிர்ந்திருந்தது. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். கண்காணிப்பாளர் அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கி, எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். கீழே மரம் அறுக்கும் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். அந்த அமைதியில், கிழிந்த துணியை இழுப்பதுபோல ஒரு சத்தம். தலைவரின் நெஞ்சு எழும்பியது. இறங்கியது. ரொம்ப நேரம் கழித்து, மறுபடியும் எழும்பியது.

பல் டாக்டர் அவருடைய கழுத்து நாடியில் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "போதாது. ஆம்புலன்ஸ் வந்தே ஆகணும்," என்று முணுமுணுத்தார்.

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. காலையிலிருந்து அடைத்து வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே கொட்டியது.

"குளவி கொட்டினப்பவே நான் பாத்தேன். காலருக்குள்ள போனதையும் பாத்தேன். சொல்லவே இல்ல. அவ்வளவு நேரம் சும்மா உக்காந்திருந்தேன். நான் ஒருத்திதான் பாத்தேன், நான் சொல்லியிருந்தா..."

பல் டாக்டர் நாடியிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"எல்லாரும்தாம்மா பாத்தோம்," என்றார்.